இரவல் தாளமும் சொந்தக் கையும்



சொல்லையே தொழிலாகக் கொண்டவர் மூவர் அமெரிக்க நாட்டில் இருந்தனர். தாளத்தின்மேல் சொற்களை விரைவாக அடுக்கி உரைப்பதனாலேயே இருபதாண்டுகளுக்கு மேலாகப் புகழும் பொருளும் ஈட்டியவர்கள் அவர்கள். அத்தகையோர் 2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் பன்னிரண்டு உருப்படிகள் உள்ளன. அப்பன்னிரண்டனுள் ஒன்றிலேனும் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. கித்தாரும், பேஸ் கித்தாரும், டிரம் என்னும் மேளத் தொகுதியும், ஆர்கன் முதலிய விசைப்பலகைக் கருவிகளுமே ஒலிக்கின்றன. தொகுப்பின் பெயர் ‘தி மிக்ஸ்-அப்’. குழுவின் பெயர் ‘பீஸ்டி பாய்ஸ்’. நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த மைக்கேல் டயமண்ட், ஆடம் யௌக், ஆடம் ஹோரோவிட்ஸ் என்போரே அம்மூவர்.

நாவன்மையால் வாழ்ந்தவர்கள் நாவை அடக்கிக்கொண்டு கையால் பேச முற்பட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோமாயின், இசையைப் பற்றி மட்டுமன்றிக் கல்வியைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும். ஆதலின் இதனை இன்றைய பேச்சுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் ஈடுபட்ட கலைக்கு ஹிப்-ஹாப் என்று பெயர். அது தோன்றிய வரலாறு மாணவர்களுக்கு உவப்பானது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்விக் நிழற்சாலை 1520ஆம் எண் கொண்ட அடுக்குமாடி வீட்டில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஒரு சிறு விருந்து நடந்தது. பள்ளி திறக்கும் காலத்திற்குப் புத்தாடை வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்னும் இளம்பெண் அவ்விருந்தை ஏற்பாடு செய்தாள். வருவோரிடம் சில்லறைக் காசுகளே கட்டணமாகப் பெறப்பட்டன. இசைத்தட்டுகளை ஓடவிட்டவர் அவளுடைய தமையன் கிளைவ் கேம்பெல். ஜமேக்காவில் பிறந்து அந்நகருக்குக் குடிவந்த அவ்விளைஞரை ‘கூல் ஹெர்க்’ என்று உலகம் அறியும்.

ஹெர்க் ஒன்றை உற்றுக் கவனித்தார். ஒரு பாட்டு முழுவதும் ஒலிக்கும்போது ஆடாதவர்கள்கூட, மற்றக் கருவிகள் ஓய்ந்து மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் வந்ததும் எழுந்து ஆடினர். அவ்விடமோ சில விநாடிகளே நீடிக்கும். அதனை நீட்டுவது எங்ஙனம்? ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு கருவிகளில் வைத்து, ஒன்றில் அவ்விடம் முடியும் தறுவாயில் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, மாறி மாறி இயக்கினார். சில விநாடித் தாளம் பல நிமிடத் தாளம் ஆயிற்று. அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல், கூடியிருந்தோரை உற்சாகப்படுத்தச் சில சொற்கள் சொல்லப்பட்டன. சொற்கள் எதுகையாயின, எதுகை கதையாயிற்று. இதுவே ராப் என்னும் சொல்லிசை வளர்ந்த வழி. ஆகவே, ஹிப்-ஹாப்பில் முதலில் வந்தது தாளம். சொல் பின்னர் வந்தது. அத்தாளமோ பிறர் வாசித்தது.

யார் வாசித்தது? பெரும்பாலும் ஃபங்க் என்னும் இசையை வாசித்த கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள். ஃபங்க் என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் கடுநாற்றம் என்பது பழைய பொருள். உடல் வருந்தி உழைப்பவனுடைய வியர்வை நாற்றத்தை நினைவூட்டும் சொல் அது. 1960களின் இடைப்பகுதியில் ஜேம்ஸ் பிரவுன் என்னும் பாடகரும் அவருடைய குழுவினரும் இவ்விசைக்கு உருவம் தந்தனர். அதன் இலக்கணம் கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நான்கு அடி கொண்ட தாளத்தை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் அடியில் அனைவரும் ஒன்றாக அழுந்த விழவேண்டும். ஏனைய மூன்றிலும் ஒவ்வொருவரும் மற்றவர் விட்ட இடைவெளியை மட்டுமே நிரப்பவேண்டும். கித்தாரும் ஊதுகருவியும்கூட மேளம்போலவே நடந்துகொள்ளவேண்டும். யாரும் தனித்து முன்னே துருத்தி நிற்றல் ஆகாது. வாசிக்கும் திறமையைக் காட்டிலும் வாசிக்காமல் இருக்கும் திறமையே இங்குப் பெரிது என்னலாம்.

அக்குழுவில் மேளம் வாசித்தவருள் ஒருவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர். ஆசிரியரிடம் பாடம் கேட்டவரல்லர். ஊரில் இயங்கிய தொழிற்சாலைகளின் இரைச்சலிலும், இருப்புப் பாதையில் ஓடிய வண்டிகளின் ஓசையிலும் தாளத்தைக் கேட்டுக் கேட்டுத் தாமே பழகியவர். 1969ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் சின்சினாட்டி நகரில் ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பாட்டு ஒலிப்பதிவாயிற்று. அதில் ஓரிடத்தில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, ஸ்டபிள்ஃபீல்ட் மட்டும் ஏறத்தாழ இருபது விநாடி தனித்து வாசித்தார். வலிய அடிகளுக்கு நடுவே, காதில் விழுந்தும் விழாத மெல்லிய தட்டுகளை அவருடைய இடக்கை பெய்துகொண்டே இருந்தது. அந்த இருபது விநாடி, உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட ஒலித்துண்டுகளுள் ஒன்றாக ஆயிற்று.

அவ்வாறு ஆவதற்குத் துணை செய்தவை பொறிகள். 1987ஆம் ஆண்டு ‘எஸ்பி-1200’ என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. பத்து விநாடி ஒலியை மட்டுமே அது தன்னுள் தேக்கிவைக்கவல்லது. ஆயினும், பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அறுத்து, ஒட்டி, வேண்டிய மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ய அப்பத்து விநாடியே போதுமானதாக இருந்தது. இம்முறையை ‘சாம்பிளிங்’ என்பர். துணுக்கெடுத்தல் என்று நாம் சொல்லலாம். இதனை வெறும் திருட்டு என்று இகழ்வது நேர்மையன்று. எந்தத் துணுக்கை எடுப்பது, எதனோடு எதனை இணைப்பது என்று தேர்வதற்கு நுண்ணிய செவி வேண்டும். துணிகளைத் துண்டு துண்டாக இணைத்துப் போர்வை தைப்பதும் கலைதான்.

எனினும், துணி நெய்தவன் ஒருவன் உண்டன்றோ? ஸ்டபிள்ஃபீல்டுக்கு அவருடைய தாளத்தை எடுத்தாண்ட எண்ணற்ற பாட்டுகளிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. பாட்டின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த பெயர் ஜேம்ஸ் பிரவுனுடையது. மேளம் வாசித்தவருக்குரியது அன்று வாசித்த கூலியோடு முடிந்தது. பணத்தைவிடத் தம் பெயர் குறிக்கப்படவேண்டும் என்பதையே தாம் விரும்பியதாக அவர் பிற்காலத்தில் பன்முறை கூறினார். 2017ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இனி நம் மூவரிடம் வருவோம். பீஸ்டி பாய்ஸ் குழு 1981ஆம் ஆண்டு பதின்பருவத்து நண்பர்களால் தொடங்கப்பட்டது. முதலில் அவர்கள் வாசித்தது பங்க் என்னும் உரத்த, விரைந்த ராக் இசை. பிறகு சொல்லிசையில் மோகம் கொண்டு கருவிகளைக் கீழே வைத்தனர். 1986ஆம் ஆண்டு வெளிவந்த ‘லைசென்ஸ்டு டு இல்’ என்னும் தொகுப்பு, மறு ஆண்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அவ்விடத்தை எய்திய முதல் ராப் தொகுப்பு அதுவே. கறுப்பின மக்கள் ஈன்று வளர்த்த கலையில் அம்முதலிடம் வெள்ளை நிற இளைஞர் மூவருக்குக் கிடைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அக்காலத்து அவர்கள் பாட்டுகளில் இளமைச் செருக்கு மிகுதி. பெண்டிரை இழித்துரைத்த சொற்களுக்காகப் பின்னாளில் அவர்களே வருந்தினர்.

1989ஆம் ஆண்டு ‘பால்ஸ் புட்டிக்’ என்னும் தொகுப்பு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பாட்டுகளின் துணுக்குகள் அதில் இழையோடுகின்றன என்று கணக்கிட்டோர் உண்டு. இன்று துணுக்கெடுக்கும் கலையின் சிகரங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. வெளிவந்த காலத்திலோ எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஈராண்டுகளில் சட்டமும் குறுக்கிட்டது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து இசைவின்றித் துணுக்கெடுத்த பிஸ் மார்க்கி என்னும் ராப் கலைஞருக்கு எதிராக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே இசைவு பெற்றுப் பணம் கொடுத்தாகவேண்டும் என்ற நிலை நிலைபெற்றது. நூறு துணுக்குகளால் ஒரு தொகுப்பைக் கட்டும் காலம் முடிந்தது.

இத்தீர்ப்பு வருமுன்னரே நம் மூவரும் வேறொரு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அட்வாட்டர் பகுதியில் ஓர் இடத்தை எடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக அமைத்தனர். அதற்கு ‘ஜி-சன்’ என்று பெயர். கூடைப்பந்து ஆடவும் சறுக்குப்பலகை ஓட்டவும்கூட அங்கே இடம் இருந்தது. நெடுநாள் தொடாத கருவிகளை அங்கே மறுபடியும் கையில் எடுத்தனர். டயமண்ட் மேளத்தின் பின் அமர்ந்தார். யௌக் பேஸ் கித்தாரையும், ஹோரோவிட்ஸ் கித்தாரையும் ஏந்தினர். நான்காமவராக வந்து சேர்ந்தவர் மார்க் ராமோஸ் நிஷிதா. அவர் தச்சர். அவர்கள் தங்கியிருந்த வீட்டில் உடைந்துபோன வாயிற்கதவைச் செப்பனிட வந்தவர். வந்தவருக்கு விசைப்பலகைக் கருவிகளும் கைவந்தவை என்று தெரிந்தது. கதவைப் பழுதுபார்த்தவரே அவர்கள் இசையிலிருந்த ஒரு குறையையும் நிரப்பினார்.

அங்கே அவர்கள் மணிக்கணக்காக வாசித்தனர். தாங்கள் இதுகாறும் துணுக்கெடுத்து வந்த பழைய ஃபங்க் தட்டுகளைப்போல ஒலிக்கவேண்டும் என்பதே ஆசை. வாசித்ததைப் பதிவு செய்து, அதிலிருந்து நல்ல பகுதிகளைத் தாங்களே துணுக்காக எடுத்துக்கொண்டனர். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘செக் யுவர் ஹெட்’, 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘இல் கம்யூனிகேஷன்’ ஆகிய தொகுப்புகளில் சொல்லிசைக்கு நடுவே சொல்லில்லா உருப்படிகளும் இடம்பெற்றன. அத்தகையவற்றைத் திரட்டி 1996ஆம் ஆண்டு ஒரு தனித்தட்டும் வெளியிட்டனர். முற்றிலும் புதிய உருப்படிகளால், தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லில்லாத தொகுப்பாக அமைந்தது 2007ஆம் ஆண்டின் ‘தி மிக்ஸ்-அப்’ ஒன்றே. அதிலும் நிஷிதா விசைப்பலகை வாசித்தார்; அல்ஃப்ரெடோ ஓர்டிஸ் என்பவர் துணைத் தாளக் கருவிகளை இயக்கினார்.

கருவியைக் கையில் எடுத்ததால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ‘செக் யுவர் ஹெட்’ தொகுப்பின் பாட்டொன்றில் ஜேம்ஸ் நியூட்டன் என்னும் குழலிசைக் கலைஞரின் ஆறு விநாடித் துணுக்கு இருந்தது. ஒரு சுருதியைக் குழலால் ஊதிக்கொண்டே மூன்று சுருதிகளைக் குரலால் இசைத்த பகுதி அது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர்த் தேவாலயம் ஒன்றில் நான்கு பெண்கள் பாடியதைச் சிறுவயதில் கண்ட நினைவே அவ்விசைக்கு ஊற்று. ஒலிப்பதிவுக்கு உரிய நிறுவனத்திடம் குழுவினர் பணம் கொடுத்து இசைவு பெற்றிருந்தனர். இசையை இயற்றிய நியூட்டனிடம் இசைவு பெறவில்லை. ஒலிப்பதிவின் உரிமை வேறு, இயற்றியவன் உரிமை வேறு என்பது சட்டம். நியூட்டன் வழக்குத் தொடுத்தார். எடுத்த பகுதி மிகச் சிறிது என்று சொல்லி, 2003ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவினருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி கடன் இல்லை என்றாயிற்று. ஆனால், தேவாலயத்தில் பிறந்த நினைவை மூச்சாக்கி ஊதிய அக்கலைஞருக்கு அத்தீர்ப்பு எத்தகைய ஆறுதலைத் தந்திருக்கும்? சட்டம் அளக்கும் கடன் ஒன்று. மனச்சான்று அளக்கும் கடன் வேறொன்று.

‘தி மிக்ஸ்-அப்’ தொகுப்பைக் கேட்டால் என்ன தெரிகின்றது? அதனை ஒப்பற்ற படைப்பு என்று நான் புகழப்போவதில்லை. வெளிவந்தபோது விமரிசகர் சிலர் இனிமை என்றனர். சிலர் சொல்லில்லாமல் வெறுமையாக இருக்கின்றது என்றனர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ‘மீட்டர்ஸ்’ குழு 1969ஆம் ஆண்டு ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’ என்னும் உருப்படியில் காட்டிய இறுக்கமும் நெகிழ்ச்சியும் இவர்களிடம் அந்த அளவு இல்லை. மேளம் சில இடங்களில் எளிமையாகவே நடக்கின்றது. கித்தார் தன் வல்லமையைப் பறைசாற்ற முயலவில்லை. ஆனால், ஒருவர் மற்றவரை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வாசிக்கின்றனர் என்பது முதல் உருப்படியிலேயே தெரிந்துவிடும். பேஸ் கித்தார் ஒரு வழியைக் காட்டுகிறது. மேளம் அதனைப் பற்றிக்கொள்கிறது. ஆர்கன் தயங்கித் தயங்கி வந்து கலக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவருக்கு இடம் விடுகின்றனர். மேடையில் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் பறித்து முடித்துப் பழகிய மூவர், இங்கே ஒருவருக்கொருவர் காத்திருக்கின்றனர். அவ்வாண்டு இவ்விசைக்கென்றே தனி நிகழ்ச்சிகள் நடத்தியபோது, வருவோர் நல்லுடை உடுத்தி வருமாறு கேட்டுக்கொண்டனர். 2008ஆம் ஆண்டு கிராமி விருது விழாவில், சிறந்த பாப் கருவியிசைத் தொகுப்புக்கான பரிசு இதற்குக் கிடைத்தது.

பரிசைக் காட்டிலும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. ஸ்டபிள்ஃபீல்டின் இருபது விநாடியைப் பொறியில் ஏற்றியவன், அது நன்றாக இருக்கிறது என்று அறிவான். அதே தாளத்தைத் தன் கையால் வாசிக்க முயன்றவனோ, அது எவ்வளவு அரியது என்பதையும் அறிவான். வலக்கை ஓடும், இடக்கை பின்தங்கும். மெல்லிய தட்டு வலிதாக விழும், வலிய தட்டு வழுவிப்போகும். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். அந்தத் தோள்வலியே முன்னோன் ஒருவனுடைய உழைப்பை அவனுக்கு உணர்த்தும். நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதனை உறுதியாகச் சொல்வேன். விடையைப் பார்த்து எழுதிய மாணவனும், கணக்கைத் தானே போட்டு விடை கண்ட மாணவனும் தாளில் காட்டுவது ஒரே எண்ணாக இருக்கலாம். ஆனால், கணக்கைக் கண்டவனுடைய பெருமை இரண்டாமவனுக்கே விளங்கும்.

இங்கே ஒருவர் எழுந்து, ‘ஐயா, தாமே வாசித்ததனால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ஒரு காசேனும் சென்றதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால், துணுக்கெடுத்தால் உரிமையாளர் ஒருவருக்கேனும் பணம் போகும். நடையைக் கற்றுத் தாமே வாசித்தால் அதுவும் இல்லை. ஆகவே, கற்றுக்கொள்ளுதல் கடனைத் தீர்க்கும் என்று நான் கூறவில்லை. கடன் இருப்பதை உணரச் செய்யும் என்றே கூறுகின்றேன். உணர்ந்தவன் செய்யவேண்டியது இன்னும் இரண்டு உண்டு. யாரிடம் கற்றோம் என்று பெயரைச் சொல்லுதல் ஒன்று. கொடுக்க இயலும்போது கொடுத்தல் மற்றொன்று. இவை இரண்டும் இன்றேல், கைத்திறமையும் ஒருவகை இரவலாகவே நின்றுவிடும்.

மாணவ நண்பர்களே, ஒரு கட்டுரை வேண்டும் என்றால் கணிப்பொறி நொடியில் தொகுத்துத் தரும் காலத்தில் நீங்கள் கற்கின்றீர்கள். அப்பொறியைத் தொடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. ஹெர்க் கையாண்டதும் பொறிதான். அதிலிருந்து ஒரு கலை பிறந்தது. நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. எடுத்ததை ஒருமுறையேனும் உங்கள் கையால் செய்து பாருங்கள். பிடித்த பத்தியை எழுதியவன் எவ்வாறு கட்டினான் என்று வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு அதனை மூடிவைத்துவிட்டு, நீங்களே ஒரு பத்தி எழுதுங்கள். அது முதலில் மெலிந்துதான் இருக்கும். இருக்கட்டும். உலகப் புகழ் பெற்ற மூவர் நடுவயதில், தங்களுக்கு நன்றாக வந்த சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, நடுத்தரமாக வந்த வாசிப்பை உலகின் முன் வைக்க நாணவில்லை. உங்கள் வயதில் நாணுவதற்கு என்ன இருக்கின்றது?

ஆடம் யௌக் 2012ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில், புற்றுநோயால் காலமானார். மற்ற இருவரும் அக்குழுவின் பெயரில் பிறகு புதிய இசை படைக்கவில்லை. பன்னிரண்டு உருப்படிகளிலும் யௌக்கின் பேஸ் கித்தார் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. வாய்ப்புக் கிடைக்கும்போது, முதலில் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் ஸ்டபிள்ஃபீல்ட் தனித்து வாசிக்கும் இருபது விநாடியைக் கேளுங்கள். அதன்பின் ‘தி மிக்ஸ்-அப்’ தொகுப்பைக் கேளுங்கள். முன்னதை வாசித்தவர் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு பின்னதைக் கேட்பதே அவருக்கு நாம் செய்யத்தக்க சிறு மரியாதை.